தலைமடையும் கடைமடையும்

திருச்சியிலிருந்து பாலம் கடந்து ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்கு, முக்கொம்பில் ஒரே ஆறு காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிவது தெரியும். கருவறையில் அல்லாஹ் நடத்தும் பிரிவினை அதைவிட நுட்பமானது.

கரு தரித்த மூன்றாம் வாரத்தில் அதன் முதுகுப்புறத் தகடு மடிந்து குழலாகத் தொடங்குகிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்தே உருவாகின்றன. குழலின் சுவரிலுள்ள ஒவ்வோர் உயிரணுவுக்கும் உள்முகம், வெளிமுகம் உண்டு. உள்முக ஓரத்தில் அணு பிளக்கிறது. நரம்பாகப் போகும் அணு வெளிப்புறம் நகர்கிறது. அது பக்கத்து அணுவுக்கு ‘நீ பொறு’ என்று சைகையும் தருகிறது. எல்லாமே ஒரேயடியாய் நரம்பாகிவிட்டால் விதைநெல்லுக்கு எங்கே போவது?

எந்த இடத்தில் எந்த நரம்பு? குழலுக்கு அடியிலுள்ள தண்டிலிருந்து ஓர் இரசாயனச் செய்தி மேல்நோக்கிப் பரவுகிறது. தலைமடைக்கு நிறைய, கடைமடைக்குக் கொஞ்சம். காவிரிக்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? நிறையப் பெற்ற இடத்தில் தசையை இயக்கும் நரம்புகள், குறையப் பெற்ற இடத்தில் வேறு வகை. கோழிக்கருவிலும் இதே ஒழுங்குதான்.

திருமறையின் 23-ஆம் அத்தியாயம் கருவின் படித்தரங்களை நம் சிந்தனைக்கு வைக்கிறது. ஆய்வுக்கூடத்துப் புதுச் செய்தி ஒவ்வொன்றையும் அவ்வசனங்களுக்குள் திணிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் குழல் சுமார் 28-ஆம் நாளில் மூடிவிடும். பல பெண்களுக்கு அன்று தாம் கருவுற்றிருப்பதே தெரியாது. சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டில் பிளவோடு பிறக்கலாம். உடனே நம் வீடுகளில், ‘கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள்’ என்று மருமகள்மீது பழி! தம் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் பிடித்தபோது, எவருடைய வாழ்வுக்கும் சாவுக்கும் அது பிடிப்பதில்லை என்று தெளிவாக்கிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தா இப்படிப் பேசுவது?

பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 1991-இல் வந்தது. முன்பு இக்குறையோடு பிள்ளை பெற்ற தாய்மார் கருவுறுமுன்பே ஃபோலிக் அமிலம் உட்கொண்டபோது, அது மீண்டும் நேருவது 72 விழுக்காடு குறைந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆகவே பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண், ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளட்டும். உட்கொண்டும் சிலருக்கு நேரலாம். அது தாயின் குற்றமல்ல. ஏற்கெனவே அப்படிப் பிள்ளை பிறந்த வீட்டில் அளவு மிக அதிகம், அதை மருத்துவரே சொல்லவேண்டும். மருமகளைத் தனியே அனுப்பாமல் மாமியாரும் கூடப் போங்கள்.