என் சரீரம் யாருக்குச் சொந்தம்?



மூன்று வருஷத்துக்கு முன்னே நான் பிரஷர் மாத்திரையை நிறுத்தினேன். நிறுத்தும்படி ஒருவரும் எனக்குப் போதிக்கவில்லை, "விசுவாசிக்கு மாத்திரை எதுக்கு?" என்று நானாகவே சொல்லிக்கொண்டேன். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. சுகமாயிட்டேன் என்றே நினைத்தேன். வலியே காட்டாமல் மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கிற வியாதி அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையிலே காப்பி டம்ளர் வலது கையிலிருந்து நழுவிற்று. வாய் கோணி, பேச்சு குழறிற்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபடியால் பிழைத்தேன். ஆனாலும் இரண்டு மாதம் என் மனைவிதான் சோறூட்டி, குளிப்பாட்டி, பாத்ரூமுக்குத் தாங்கிக்கொண்டு போனாள். அவளுக்கே முழங்கால் வலி. ஒரு இராத்திரி, நான் தூங்கிவிட்டதாக எண்ணி, "நீங்க விசுவாசத்துல நிறுத்துனீங்க, சுமக்கிறது நான்தானே" என்று மெதுவாய்ச் சொன்னாள்.

அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. வைராக்கியசாலி என்ற பேர் எனக்கு, விலை கொடுத்தது அவள். இது எந்த ஊர் நியாயம்?

எலியா சூரைச்செடியின் கீழே சாவை விரும்பிப் படுத்திருந்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்க விட்டான். எத்தனையோ தரம் வாசித்த பகுதிதான். அந்த அடையை நான் கவனித்ததே இல்லை.

இப்போது வாரத்திலே ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாய் நடக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிற 150 நிமிஷம் அதிலேயே வந்துவிடுகிறது. உப்புதான் பெரிய போராட்டம். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கணுமாம். ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கிலே சேரும். (கருவாட்டை விட்டது எனக்கு உபவாசத்தைவிடக் கடினம்!) முழு இராத்திரி ஜெபத்துக்குப் போனால் மறுநாள் தூங்கிக்கொள்ளுகிறேன். வெட்கப்படுகிறதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இரத்த அழுத்தம், நடமாட்டமின்மை, காது மந்தம், தனிமை முதலான 14 காரணங்களைக் கவனித்தால் ஞாபகமறதி வியாதியில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று 2024இல் லான்செட் மருத்துவக் குழு அறிவித்தது. அப்படியானால் பாதிக்கு மேல் மனுஷன் கையில் இல்லை. ஆகையால் பிள்ளைகளின் பேர் மறந்துபோன ஒரு தாயாரைப் பார்த்து, "ஏதோ குறை இருக்கும், அதான்" என்று சொல்லாதிருங்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

நேற்று இராத்திரியும் மனைவி கேட்டாள், "மாத்திரை போட்டாச்சா?" போட்டாச்சு என்றேன். அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தாள்.