ஆதிப்புள்ளி எவருடையது?

சோழர் காலத்து ஊர்ச்சபையார் ஒரு வயலை விற்றாலும், கோயிலுக்குக் கொடுத்தாலும், அது எங்கே இருக்கிறது என்பதைக் கல்லில் வெட்டி வைத்தனர். பிரமதேய ஊர்களின் கல்வெட்டுகளில் இந்த இருப்பிடம் சொல்லப்படும் முறை நம் கவனத்திற்கு உரியது. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று அது செல்லும். வதி வடக்குத் தெற்காகப் போவது. வாய்க்கால் கிழக்கு மேற்காகப் போவது. ஒன்றையொன்று வெட்டும் இவ்விரு கோடுகளிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தால், அந்த நிலத்தை முன்பின் பார்த்திராதவரும் அதன் வரப்பில் போய் நிற்கலாம். அரசமரத்தை அடுத்த நிலம், இன்னார் கொல்லைக்குத் தெற்கே உள்ள நிலம் என்னும் அடையாளங்கள் மரம் விழுந்தால் போகும், ஆள் மறைந்தால் போகும். எண்ணுக்கு அந்தக் கேடு இல்லை.

பள்ளிக்கூடத்தில் கணிதம் பயின்றோர் இதனை உடனே அடையாளம் கண்டுகொள்வர். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு அச்சுகள். அவை சந்திக்கும் ஆதிப்புள்ளி. அங்கிருந்து இவ்வளவு கிழக்கு, இவ்வளவு வடக்கு என்னும் இரண்டு எண்கள். கார்ட்டீசிய ஆயத்தொலைவுகள் என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இதுவே. இன்றும் நம் நில அளவர் கல்லுக்குக் கல் ஒரு கோடு பிடித்து, அதிலிருந்து வரப்பின் வளைவுகளுக்குச் செங்குத்தாக அளந்து புலப்படம் வரைகையில், அறிந்தோ அறியாமலோ இதையே செய்கிறார்.

அப்படியானால் டேக்கார்ட் என்னும் பிரெஞ்சு ஞானிக்கு இதில் என்ன பெருமை? படுக்கையில் கிடந்து, கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்தபோது அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று ஒரு கதை உண்டு. ஆசிரியர்கள் சுவைபடச் சொல்லுவார்கள், ஆதாரம் கிடையாது. 1637-இல் லெய்டன் நகரில் வெளியான அவரது வடிவியல் நூலில், இன்றைய பாடநூல்களில் உள்ளவாறு குறுக்கும் நெடுக்குமாக இரு அச்சுகள்கூட வரையப்படவில்லை. அதே காலத்தில் ஃபெர்மா என்பவரும் இவ்வழியைத் தனியே கண்டிருந்தார். அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே, 14-ஆம் நூற்றாண்டில், பின்னர் லிசியூ மறைமாவட்டத்தின் ஆயரான நிக்கோலஸ் ஒரேம், காலத்தைக் கிடைக்கோட்டிலும் வேகத்தைச் செங்குத்துக் கோடுகளிலும் வரைந்து, கடந்த தொலைவை அந்த உருவத்தின் பரப்பாகக் காட்டியிருந்தார். இதனை அறிந்த கத்தோலிக்கர் நம்மிடையே சிலரே என்பது சற்று வருத்தம் தருவது.

டேக்கார்ட்டும் ஃபெர்மாவும் செய்த புதுமை, இடத்தைக் குறிப்பதோடு நில்லாமல் வளைகோட்டையே சமன்பாடாக்கியது. கிழக்கெண்ணின் வர்க்கத்தையும் வடக்கெண்ணின் வர்க்கத்தையும் கூட்டினால் 25 வரும் புள்ளிகளை எல்லாம் சேருங்கள். 5 அலகு ஆரமுள்ள வட்டம் கண்முன் நிற்கும். வரைந்து பார்த்துத் திகைத்த கேள்விகளைக் கூட்டியும் கழித்தும் தீர்க்கலாம் என்று ஆயிற்று. இதன் எதிர்த்திசையில் நடந்தவர் நம் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன். ஓர் எண்ணை எத்தனை வகையாகப் பிரித்துக் கூட்டலாம் என்னும் தூய எண்கணிதக் கேள்விக்கு, அவரும் ஹார்டியும் 1918-இல் விடை கண்ட வழி, சிக்கலெண்களின் தளத்தில் ஒரு வட்டத்தைச் சுற்றி வருவது. எண்களுக்கு வடிவம் வழிகாட்டியது.

இயற்பியலுக்கு வருவோம். கொள்ளிடம் இரு கரையும் நிறைந்து ஓடுகிறது. அகலம் 600 மீட்டர் என்று கொள்வோம். ஓடக்காரர் எதிர்க்கரையை நோக்கி நேராக நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் துடுப்பிடுகிறார். நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டர் அவரைக் கிழக்கே இழுக்கிறது. கரையில் நிற்பவர் காண்பது ஒரே சாய்ந்த பாதையை. அதனை இரு அச்சுகளில் பிரித்துப் பார்த்தால் தெளிவு பிறக்கிறது: கடக்க 10 நிமிடம், ஒதுங்கும் துறை 300 மீட்டர் கிழக்கே. நீரோட்டம் இருமடங்கானாலும் அந்த 10 நிமிடம் மாறாது, துறைதான் மாறும். எறிந்த பந்து, ஏவுகணை, மின்புலத்தில் பாயும் துகள் எல்லாவற்றையும் இயற்பியலார் இவ்வாறே கூறுபடுத்திப் படிக்கின்றனர். அச்சுகளை எப்படிப் பிடிப்பது என்பது அவரவர் விருப்பம். சரிவில் உருளும் பொருளுக்குச் சரிவை ஒட்டியே அச்சைச் சாய்த்துக்கொள்வர். கணக்கு எளிதாகும் என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை.

இங்குதான் நம்மை உறுத்தும் கேள்வி எழுகிறது. அச்சும் ஆதிப்புள்ளியும் நம் விருப்பம் என்றால், அவற்றைக் கொண்டு நாம் சொல்லும் உண்மையும் நம் விருப்பம்தானோ? படித்த இளைஞர் பலர் இன்று இவ்வாறே பேசக் கேட்கிறோம். உம் நியாயம் உமக்கு, என் நியாயம் எனக்கு. எல்லாம் சார்பு என்று ஐன்ஸ்டைனே நிறுவிவிட்டார் என்பர்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். பழைய சித்தாந்த வானியலார் உச்சயினி வழியே செல்லும் தீர்க்கரேகையிலிருந்து எண்ணினர்; அங்கிருந்து நோக்கினால் கும்பகோணம் கிழக்கே உள்ளது. 1802-இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருநில அளவையார் சென்னை வானாய்வுக் கூடத்திலிருந்து எண்ணினர். அங்கிருந்து நம் ஊர் மேற்கே. 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டினர் கிரீனிச்சைத் தொடக்கமாக வைத்தனர். நாம் கிழக்கே ஏறத்தாழ 79 பாகை 23 கலை ஆனோம். கிழக்கு மேற்காயிற்று, மேற்கு மீண்டும் கிழக்காயிற்று. மகாமகக் குளத்தின் ஒரு படிக்கல்லும் நகரவில்லை. (லாம்டனின் அளவையை நம் வட்டாரம் எளிதில் மறக்க இயலாது. மலையில்லாத இந்தச் சமவெளியில் கோயில் உச்சிகளே அவருக்கு மலைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள அவரது கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதைச் செப்பனிட்டார்.)

இரண்டு எல்லைக் கற்களைப் பாருங்கள். குளக்கரையிலிருந்து அளந்தால் ஒன்று 10 கிழக்கு, 20 வடக்கு. மற்றது 40 கிழக்கு, 60 வடக்கு. பாலத்திலிருந்து அளந்தால் நான்கு எண்களும் வேறாகும். ஆயினும் இரு கற்களுக்கும் இடையேயுள்ள 50 அலகுத் தொலைவு எங்கிருந்து கணக்கிட்டாலும் 50-தான். அச்சுகளைத் திருப்பினாலும் 50-தான். ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதியதும் இதற்கு மாறானதன்று. நீளமும் கால அளவும் காண்பவரின் இயக்கத்தைப் பொறுத்து மாறும் என்றார். ஆனால் ஒளியின் வேகம் அனைவருக்கும் ஒன்றே, இயற்கை விதிகளும் ஒன்றே என்பதே அவர் நின்ற தளம். காலத்தையும் இடத்தையும் தக்கவாறு சேர்த்துக் கணக்கிட்டால் எவருக்கும் மாறாத ஓர் அளவு கிடைக்கிறது என்று 1908-இல் மின்கோவ்ஸ்கி காட்டினார். ஆதிப்புள்ளியை மாற்றலாம் என்பதே, எது மாறாதது என்று கண்டறியும் வழியாக அமைந்துவிட்டது. சார்பு என்னும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கொள்கையைக் கைவிடுவோர் இதைப் படிக்கவில்லை.

அறத்திற்கு இந்தச் சோதனை பொருந்துமா? பொருந்தும் என்றே நாம் எண்ணுகிறோம். அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. காவிரிக்கு நாம் கேட்கும் நியாயத்தைப் பார்ப்போம். மைசூரை ஆதியாக வைத்தால் நாம் கடைமடை. மேலே இருப்பவர், தம் தேவை தீர்ந்தபின் மிஞ்சுவதை விடுவது முறையன்று. ஆறு எவருக்கும் தனியுடைமை அன்று. பற்றாக்குறை ஆண்டில் பற்றாக்குறையையும் பங்கிட வேண்டும் என்கிறோம். 1990-இல் அமைந்த நடுவர் மன்றத்தின் முன்னும் இதுவே நம் வாதம். 2007-இல் அம்மன்றம் நமக்கு விடவேண்டியது 192 டி.எம்.சி. என்றது, 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் அதனை 177.25 ஆகக் குறைத்தபோதும், எந்த மாநிலமும் ஆற்றுக்கு முழுவுரிமை கொண்டாட இயலாது என்று உறுதிப்படுத்தியது. நாமும் மகிழ்ந்தோம்.

இப்போது ஆதிப்புள்ளியைக் கிழக்கே நகர்த்துவோம். பெயரில் தலையைத் தாங்கியும் கடைமடையில் காத்திருக்கும் தலைஞாயிற்றுக்கும் கீழையூருக்கும் நாம் யார்? அவர்களுக்கு நாமே மைசூர். கல்லணை தாண்டி வரும் தண்ணீர் முதலில் நம் மதகுகளைக் கடந்தே அவர்களைச் சேர வேண்டும். முறை வைத்து நீர்விடும் நாளில் இரவோடு இரவாக மதகுப் பலகையை உயர்த்துபவரும், வாய்க்காலை மறித்து அணை போடுபவரும், கிருஷ்ணராஜசாகரைப் பற்றிப் பேசும்போது மட்டும் நீதிநூல் ஓதுவதை நாம் கேட்டிருக்கிறோம். மேற்கு நோக்கிச் சொல்லும்போது நிமிர்ந்து நிற்கும் வாதம், கிழக்கு நோக்கித் திரும்பியதும் விழுந்துவிடுமானால், அது நியாயமன்று. நம் இருப்பிடத்தின் ஆயத்தொலைவு மட்டுமே. திரும்பிய பின்னும் நிற்குமானால், அப்போது அதனை நியாயம் என்று கூறும் தகுதி நமக்கு உண்டு.

திருச்சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவிடம் தம் அயலார் எவர் என்று கேட்டதை நாம் அறிவோம். அக்கேள்வியில் ஆதிப்புள்ளி அவரே. அவரிடமிருந்து எவ்வளவு தொலைவு வரையில் உள்ளவர் அயலார் என்பதே அவர் அறிய விரும்பியது. நல்ல சமாரியர் உவமையின் முடிவில் இயேசு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார்: கள்வர் கையில் அகப்பட்டவருக்கு அயலாராய் இருந்தவர் யார்? எரிகோ செல்லும் பாதையில் குற்றுயிராய்க் கிடந்தவரிடத்தில் ஆதிப்புள்ளி நட்டாயிற்று. அறிஞர் தந்த விடை சரியாக இருந்தது. எந்த இடத்தில் நின்று எண்ண வேண்டும் என்பதே அதுவரை அவருக்கு விளங்காதிருந்தது.

ஆனால் ஒன்று. பிறரிடத்தில் ஆதிப்புள்ளியை வைப்பதற்கு அவருக்கு வரைபடத்தில் முதலில் ஓர் இடம் இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு வியப்பூட்டும் நுணுக்கமுடையது. முந்திரி என்பது வேலியில் 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அதிலும் 320-இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே கணக்கு இறங்கிச் செல்கிறது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, வரி விதிக்கத்தகாதவை என்று ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்து எஞ்சியதற்கே வரியிடுகின்றனர். வரி நீக்கியதில் தவறில்லை. ஆயினும் அந்தச் சேரிகளில் வாழ்ந்து அந்த வயல்களில் உழைத்தவர்கள், அவ்வளவு நுணுக்கமான கணக்கில் கழிக்கப்படும் ஒரு நிலப்பரப்பாகவே தோன்றுகின்றனர்.

பின்னர் சங்கிலி பிடித்து அளந்த ஆங்கிலேயர் காலத்திலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. ஒவ்வொரு புலத்துக்கும் எண் வந்தது, எல்லைக்கல் வந்தது, பட்டாதாரர் பெயர் வந்தது. குத்தகைக்கு எடுத்து அந்த நிலத்தைத் தலைமுறையாக உழுதவரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் உரிமைக்கெனத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது 1969-இல். அதன் பிறகும், பெயரைப் பதிவு செய்யுமாறு மனு எழுதத் துணிந்த குத்தகைதாரர் முதலில் அஞ்சியது நிலவுடைமையாளர் வீட்டு வாசலை எவ்வாறு கடப்பது என்பதற்கே.