யாருக்காகக் காத்திருக்கிறோம்?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். காலைத் தேநீர் அருந்தும் தந்தையின் வாய் ஒரு பக்கம் கோணுகிறது, கோப்பை கைநழுவுகிறது, பேச்சுக் குழறுகிறது. “சற்றுப் படுத்தால் சரியாகிவிடும்” என்கிறார் ஒருவர். “லண்டனில் இருக்கும் அண்ணனைக் கேட்போம்” என்கிறார் மற்றவர். அங்கே நடுநிசி. தொலைபேசியை எடுப்பாரில்லை.

இந்தக் காத்திருப்பு அன்பினாலா, அச்சத்தினாலா?

பாரிசவாதத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: இரத்தக்கட்டி ஒன்று மூளைக்குச் செல்லும் நாடியை அடைத்துவிடுகிறது. பெரிய நாடி அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரி 19 இலட்சம் நரம்புக்கலங்கள் மடிகின்றன என 2006இல் கணக்கிட்டார்கள். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். தொடை நாடி வழியே மெல்லிய குழாயை மூளைவரை செலுத்திக் கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் முறையும் உண்டு. அதன் பலனை 2015இல் வெளியான ஐந்து ஆய்வுகள் உறுதிப்படுத்தின. சிலருக்கு 24 மணி நேரம்வரை அது உதவலாம். ஆயினும் முந்தினால்தான் மிகுந்த பலன். மூளையில் இரத்தம் கசிந்திருந்தாலோ சிகிச்சையே வேறு. ஸ்கான் எடுக்காமல் எவராலும் சொல்ல முடியாது.

வைத்தியசாலையில் கையொப்பம் கேட்பார்கள். “ஏதும் நேர்ந்தால் பழி என்மேல் விழுமே” என்று பின்வாங்குகிறோம். ஆனால் முடிவெடுக்காமல் நழுவுவதும் ஒரு முடிவே. அதன் விலையைக் கொடுப்பவர் கட்டிலில் கிடப்பவர். “எனக்கு எது பாதுகாப்பு?” என்பதல்ல, “அவருக்குப் பேச முடிந்தால் என்ன சொல்வார்?” என்பதே நாம் கேட்கவேண்டியது.

எல்லாச் சிகிச்சைக்கும் இணங்கியே தீரவேண்டும் என்பதில்லை. பாரதூரமான சுமையாகும் அசாதாரண வழிகளை நாடும் கடமை எவருக்கும் இல்லை என்று 1957இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வைத்தியர்களுக்கு எடுத்துரைத்தார். பலனையும் ஆபத்தையும் கேட்டறிந்து, “வேண்டாம்” என்று சொல்வது குற்றமன்று. கேளாமலே காலத்தைக் கடத்துவது அப்படியன்று.

ஆகவே இன்றிரவு சாப்பாட்டு மேசையில் பேசிவையுங்கள். நமக்கு வாய் அடைத்துப்போனால் யார் பேசுவது? எதை விரும்புகிறோம்? எதை விரும்பவில்லை? அறிகுறி கண்டதும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, 1990 ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸை அழையுங்கள். அண்ணனுக்கு வழியிலிருந்தே சொல்லலாம்.