அழிக்கக் கூடிய தோல்வி

தோல்வியை அழித்துவிடும் வசதி கிடைத்தால், ஒருவன் அதைப் பயன்படுத்திக் கொள்ளலாமா?

1982-ல் கெவின் டாம்ஸ் என்ற ஆங்கிலேயர் 'ஃபுட்பால் மானேஜர்' என்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டார். அக்காலத்து இங்கிலாந்துச் சிறுவர்கள் ஒலிநாடாவை ஓடவிட்டு, அதன் கிறீச்சொலி அடங்கும்வரை காத்திருந்து அதை ஆடினார்கள். இதில் பந்தை உதைக்க முடியாது. நான்காம் பிரிவில் கிடக்கும் ஒரு குழுவுக்கு மானேஜராகி, ஆட்டக்காரர்களை வாங்கி விற்று, களைத்தவனுக்கு ஓய்வு தந்து, ஆளைப் பொறுக்கி இறக்கலாம். பிறகு, குச்சி மனிதர்கள் திரையில் ஓடுவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்க்க வேண்டியதுதான்.

நடந்தவரை நாடாவில் பதிவு செய்து வைக்கவும் வழி உண்டு. தோற்றால் பழைய பதிவைப் போட்டு, அந்தத் தோல்வியையே நடக்காததாக்கிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை, கேட்பாரும் இல்லை. பின் அதில் என்ன அதர்மம்?

அதர்மம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நஷ்டம் உண்டு. பந்தைத் தொடாத மானேஜருக்கு உரியவை இரண்டே: முடிவெடுப்பது, அதன் பலனைத் தாங்குவது. இரண்டாவதை அழித்தவனிடம் முதலாவதும் தங்காது. யாரை இறக்கினாலும் ஒன்றுதான் என்றான பிறகு, அவன் எதைத் தேர்ந்தெடுத்தான்?

அந்தச் சிறுவர்கள் இன்று நரை கண்டவர்கள். சாட்சியில்லாத அறையில், ஒரு தோல்வியை அப்படியே விட்டுவைத்து, அடுத்த ஆட்டத்துக்கு ஆள் பொறுக்கியவன் எவனோ, அவனுக்குத்தான் நினைத்துப் பார்க்க ஒரு வெற்றி இருக்கிறது. மற்றவனுக்கு மிஞ்சியது புள்ளிப்பட்டியல்.