ஒத்திவைத்தலும் ஒரு செயலே

செய்யாது விடுதல் செய்தலைக் காட்டிலும் குற்றங் குறைந்தது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. கை ஓங்கியவனைச் சாடும் நாம், கைகட்டி நின்றவனை எளிதில் மன்னித்துவிடுகிறோம். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் புற்றுநோய் வைத்தியசாலைகளில் எழுந்த ஒரு பிரச்சினை, இவ்வெண்ணத்தை மீண்டும் ஆராயுமாறு நம்மைப் பணிக்கிறது.

குருதிப் புற்றுநோயாளரின் துன்பம் இரட்டைத் துன்பம். உடலுக்குக் காவலாய் நிற்கவேண்டிய வெண்குருதிக் கலங்களையே நோய் பற்றிக்கொள்கிறது. நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளோ எஞ்சிய எதிர்ப்பாற்றலையும் குறைக்கின்றன. இவ்வகை நோய்களுள் நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் லிம்போமாவுக்கும், என்பு மச்சையில் தோன்றும் மயலோமாவுக்கும் கதிர்ச் சிகிச்சை பெரிதும் பயன்படுகிறது. பெரும்பாலும் அது ஒரே நாளில் முடிவதன்று. வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்களுக்குச் சிறுசிறு பகுதிகளாகக் கதிர் செலுத்தப்படும். நோயாளி ஒவ்வொரு நாளும் பலரோடு பயணஞ் செய்து, பலரோடு காத்திருந்து திரும்ப வேண்டும். 2020 மார்ச் 11ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோயைப் பெருந்தொற்றென அறிவித்த வேளையில், உயிர்காக்கும் இப்பயணமே உயிருக்கு உலைவைக்கும் வழியாகிவிட்டிருந்தது.

அவ்வாண்டிலேயே சர்வதேச லிம்போமாக் கதிர்ச் சிகிச்சைக் குழு அவசர வழிகாட்டியொன்றை வெளியிட்டது. இயலுமிடத்துச் சிகிச்சையைத் தவிர்த்தல், பிற்போடுதல், சுருக்குதல் என்பன அது காட்டிய மூன்று வழிகள். மெல்ல வளரும் நோயுடையவர், உடனடித் துன்பம் இல்லாதிருப்பின், காத்திருக்கலாம். முண்ணாண் நெருக்குண்டு கால்கள் செயலிழக்கும் நிலையிலுள்ளவரைக் காத்திருக்கச் செய்தல் தகாது.

சுருக்குதலுக்கும் விஞ்ஞான ஆதாரம் முன்னரே இருந்தது. மெல்ல வளரும் லிம்போமாவில் 24 கிரே கதிரை 12 முறையிற் கொடுத்தலும், 4 கிரே கதிரை 2 முறையிற் கொடுத்தலும் ஒப்பிடப்பட்டு, 2014இல் முடிவு வெளியாயிற்று. துன்பந் தணிப்பதற்குப் பின்னது உதவும். நோயை நெடிது அடக்குவதற்கோ முன்னதே சிறந்தது. ஆக, பயணம் குறைந்ததற்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைச் செலுத்துபவர் வைத்தியரல்லர், நோயாளியே.

ஆதலால், ஒத்திவைத்தலும் மருந்தைப் போலவே அளந்து கொடுக்கப்பட வேண்டும் என்கிறோம். அது அறமாவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அதன் காரணம் அந்நோயாளியின் நன்மையாக இருத்தல் வேண்டும். எத்தனை காலம் என்பது வரையறுக்கப்படல் வேண்டும். அவரிடம் எடுத்துரைத்து, அவர் கருத்தைக் கேட்டல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஒத்திவைப்பைக் கைவிடுதல் என்றே அழைக்கலாம்.

நோயாளியின் நன்மை கருதியன்றி, இயந்திரமோ ஊழியரோ கட்டிலோ போதாமையால் ஒருவரைக் காத்திருக்கச் செய்ய நேரின் யாது செய்வது? அப்போது பற்றாக்குறையைப் பற்றாக்குறை என்றே கூறவேண்டும். ‘உமது நன்மைக்கே’ என்று அதற்குக் கருணை வேடம் பூட்டலாகாது. 2020 மார்ச்சில் இத்தாலியின் மயக்கமருந்து, தீவிர சிகிச்சை வைத்தியர் சங்கம், கட்டில்கள் போதாவிடத்து யாருக்கு முன்னிடம் என்பதற்கான நெறிகளை வெளிப்படையாக எழுதிவைத்தது. அந்நெறிகளோடு நாம் முரண்படலாம். ஆனால், எழுதப்படாவிட்டாலும் தெரிவு நடந்தே தீரும், இருளில் நடக்கும். எழுதப்பட்டதையன்றோ மக்கள் எதிர்த்துக் கேட்க முடியும்!

இனி, பற்றாக்குறை எங்கிருந்து வந்தது? கிருமி அதனை வெளிக்கொணர்ந்தது, உண்டாக்கவில்லை. ஆபிரிக்காவில் 20க்கு மேற்பட்ட நாடுகளில் கதிர்ச் சிகிச்சை வசதி அறவே இல்லை என்று 2022இல் சர்வதேச அணுசக்தி முகவரகம் எடுத்துக்காட்டியது. அந்நாடுகளின் நோயாளிகளுக்குச் சிகிச்சையை ஒத்திவைத்தது எந்தத் தொற்று? அங்கே ஒத்திவைப்பு நிரந்தர நிலை. அதற்கு வழிகாட்டியுமில்லை, காலவரையறையுமில்லை, நோயாளியின் சம்மதம் கேட்பாருமில்லை.

நெருக்கடி வேளையில் நோயாளியின் அருகில் நிற்கும் வைத்தியர் மீது அத்தெரிவின் முழுப் பாரத்தையும் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்கிறோம். ஆயின், வைத்தியசாலைக்கு எவ்வளவு, ஆயுதத்துக்கு எவ்வளவு என்று வரவுசெலவுத் திட்டம் வகுக்கப்பட்ட அன்றே அத்தெரிவின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. அன்று கைகட்டி நின்றவர்களுள் நாமும் அடங்குவோமாயின், அதுவும் ஒரு செயலே. அதற்கும் நாம் பொறுப்புக் கூற வேண்டும்.