வஸ்வாஸும் வைத்தியமும்

 

பள்ளிவாசலில் நாம் எல்லோரும் கண்டிருக்கும் காட்சி இது. இகாமத் சொல்லியாகிவிட்டது. மற்றவர்கள் ஸஃப்பில் நின்றுவிட்டார்கள். ஒருவர் மட்டும் குழாயடியில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். முதல் ரக்அத் போனபின் ஓடிவந்து நிற்பார். தக்பீர் கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடியும் கட்டுவார். சிறுவர்கள் சிரிப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பார். பெரியவர்களோ, "பேணுதலான மனிதர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இவர்களில் ஒருவராவது அந்த மனிதருக்கு உதவி செய்தார் என்று சொல்ல முடியுமா?

கடைத்தெருவிலும் இப்படிப்பட்டவர் உண்டு. இரவில் கடையைச் சாத்தி, பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். வியாபாரி கல்லாவை இருமுறை எண்ணுவது புத்திசாலித்தனமே. அதை நாம் குறை சொல்லோம். கணக்குச் சரியாக இருந்தும் ஏழாம் முறை எண்ணாமல் வீட்டுக்குப் போக மனம் வராவிட்டால், அதை ஜாக்கிரதை என்று எப்படிச் சொல்வது?

நம் கிதாபுகள் இதை வஸ்வாஸ் என்கின்றன. இக்கால டாக்டர்கள் ஓ.சி.டி. என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள். இரண்டும் முற்றிலும் ஒன்றே என்று நாம் சொல்லமாட்டோம். மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் வந்துபோகும் ஊசலாட்டமும் வஸ்வாஸ்தான். வந்தது போகாமல் குடியேறிவிட்டால்தான் அது டாக்டர் பார்க்கவேண்டிய விஷயமாகிறது.

நமக்குப் பழக்கமான இளம் வியாபாரி ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் வந்து, "காக்கா, தொழுகையில் வரும் சந்தேகத்துக்கு டாக்டரிடம் போனால் என் ஈமானில் குறை என்று ஆகிவிடாதா? அதுவுமல்லாமல் எனக்கு லேசாகத்தான் இருக்கிறது. வியாபாரம் நடக்கிறது" என்றார். லேசு என்று அவர் சொன்னது பஜ்ருடைய ஒலுவுக்கு இருபது நிமிஷம். சற்றுத் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அவருடைய ஏழு வயது மகள், சோறு தின்னுமுன் இப்பொழுதெல்லாம் கையை நீட்டி, "வாப்பா, சுத்தமாயிடுச்சா?" என்று மூன்று நாலு தடவை கேட்கிறாளாம்.

ஈமானைப் பற்றிய கேள்வியை முதலில் பார்ப்போம். உத்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள், தம் தொழுகைக்கும் ஓதலுக்கும் இடையே ஷைத்தான் வந்து குழப்புவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். ஸஹாபி ஒருவர் தம் குறையை வெட்கப்படாமல் எடுத்துச் சொன்னார். நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை; அந்த ஷைத்தானின் பெயரைச் சொல்லி, பரிகாரத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். வாயால் சொல்லவும் கூசும் எண்ணங்கள் உள்ளத்தில் வருகின்றன என்று வேறு சில தோழர்கள் வருந்தியபோது, அப்படிக் கூசுவதே தெளிவான ஈமான் என்று ஆறுதல் சொன்னார்கள். இவை ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்திகள். நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவியதும் அந்த நாயகம்தான். கால்வலிக்குப் போனால் ஈமான் குறையாது, மனவலிக்குப் போனால் மட்டும் குறையும் என்பது எந்தக் கிதாபில் இருக்கிறது?

மார்க்கச் சட்டமும் இந்த நோயாளியின் பக்கமே நிற்கிறது. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை. ஒலு முறிந்ததோ என்ற வெறும் ஐயத்துக்காகத் தொழுகையை விடக்கூடாது. உறுப்புக்களை ஒருமுறை கழுவுவது பர்ளு, மும்முறை சுன்னத்து, அதற்கு மேல் வரம்பு மீறல். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒலுச் செய்தார்கள். இரு கையும் சேர்த்து அள்ளும் அளவுதான் ஒரு முத்து. நாம் குழாயைத் திறந்துவிட்டு ஓடவிடும் நீரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது!

அபூஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் 934ஆம் ஆண்டில் காலமானவர். உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதி, கோபம், அச்சம், துயரம் இவற்றுக்குப் போலவே வஸ்வாஸுக்கும் தனிப் பாடம் வைத்தார். ஆகவே இதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த புது நோய் என்று யாரும் சொல்லவேண்டாம்.

இனி, லேசாகத்தான் இருக்கிறது என்ற பேச்சு. ஒருமுறை கழுவினால் மனம் சற்று அடங்கும். சிறிது நேரத்தில் ஐயம் மீண்டும் வரும், முன்னிலும் வலுவாக வரும். கடன்காரன் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே வந்தால் முதல் அப்படியே நிற்குமல்லவா? (வட்டியை உதாரணம் காட்டுவதற்கு ஹஜ்ரத்மார்கள் மன்னிக்க வேண்டும்.) ஒரே மஸ்அலாவை நாலு ஆலிம்களிடம் கேட்பதும், "பூட்டினேனா?" என்று மனைவியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் அந்த வட்டியோடு சேர்ந்தவைதான். நாளில் ஒரு மணி நேரத்தை இது தின்கிறதா என்று டாக்டர்கள் கேட்பார்கள். அதற்குக் குறைவாக இருந்தும் மனம் நொந்துபோனால், ஜமாஅத் தவறினால், வீட்டிலுள்ளவர்களும் இதில் இழுக்கப்பட்டால், போய்க் காட்டலாம் என்பது நம் கருத்து. சிங்கப்பூர் மனநலக் கழகம் 2016இல் தொடங்கிய ஆய்வில், நூற்றுக்கு 3.6 பேர் வாழ்நாளில் இந்நோயைக் கண்டிருந்தனர். சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 11 ஆண்டுகள்! லேசாகத்தான் இருக்கிறது என்று சொல்லியே எத்தனை பேர் அந்த ஆண்டுகளைக் கழித்தார்களோ!

சிகிச்சை என்றதும் மின்சாரம், பூட்டிய அறை என்றெல்லாம் பயப்படுகிறார்கள். இதற்குரிய முக்கியமான சிகிச்சை ஒரு பயிற்சி. ஒருமுறை கழுவிக் குழாயை மூடிவிட்டு, ஐயத்தை அப்படியே விட்டுவைத்து, பதைப்புத் தானே தணியும்வரை பொறுத்திருக்கப் பழக்குகிறார்கள். லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966இல் இம்முறையில் இருவருக்குக் கண்ட பலனை எழுதினார். நம் ஷாஃபி மத்ஹபு இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ அவர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே, வஸ்வாஸுக்கு மருந்து அதை அறவே பொருட்படுத்தாமல் விடுவதுதான் என்று பத்வா கொடுத்திருக்கிறார்கள். பொருட்படுத்தாதே என்று சொல்வது எளிது. பதைக்கும் மனிதனுக்குக் கூட இருந்து பழக்கிவிட ஆள் வேண்டும். சிலருக்கு மாத்திரையும் கொடுப்பார்கள். அது வேலை செய்யப் பல வாரங்கள் பிடிக்கும்; பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. தாயத்துக்கு நூறு வெள்ளி கேட்பவரிடம் போகவேண்டாம் என்று மட்டும் சொல்வோம். டாக்டர் முஸ்லிமாக இல்லாவிட்டால் தொழுகையைப் புரிந்துகொள்வாரா என்ற அச்சம் சிலருக்கு உண்டு. ஹஜ்ரத் ஒருவரிடம் ஒரே ஒருமுறை பர்ளின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதை டாக்டரிடம் காட்டினால் போதும்.

சிங்கப்பூரில் பாலிகிளினிக் டாக்டரிடம் சொன்னால் மனநல வைத்தியருக்குக் கடிதம் கொடுப்பார். 2025இல் தொடங்கிய 1771 என்ற எண்ணிலும் பேசலாம். மலேசியச் சகோதரர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் தொடங்கலாம். பெண் கொடுக்கமாட்டார்கள், ஊரில் பேசுவார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஊர் எதைத்தான் பேசவில்லை?

நம்மிடம் வந்த தம்பி இரண்டு மாதம் யோசித்தார். மகளின் கேள்விதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறோம். பாலிகிளினிக்கில் வரும் புதன்கிழமை காலை நாள் வாங்கியிருக்கிறார். கூடத் துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், அன்று நம் கடை பதினொரு மணிக்குத்தான் திறக்கும்.