பங்கு உரிமை, பதவி அமானிதம்



அல்லாஹ்வின் நல்லடியார்களே! சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், வாப்பா கடையில பத்து வருஷம் நான்தான் கணக்கு எழுதினேன். எந்தச் சரக்கை யார்கிட்ட வாங்கணும், யாருக்குக் கடன் கொடுக்கலாம்னு எனக்குத் தெரியும். வாப்பா மௌத்தானதும் கடை தம்பிங்க பேருக்கு மாறிட்டு. 'உனக்கு எதுக்கு இதெல்லாம்'னு சொல்றாங்க. நான் கேக்குறது பேராசையா?"

இந்தக் கேள்வி புளியறையில் ஒரு கடைக்குள் மட்டும் எழுகிற கேள்வி அல்ல. பெரும் பெரும் நிறுவனங்களிலும் இதே கேள்விதான் எழுகிறது. சென்னையின் முருகப்பா குழுமம் நாமெல்லாம் அறிந்த பெயர். அக்குடும்பத்தைச் சேர்ந்த எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருக்கு இரண்டு மகள்கள். குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அவர்கள் கிளைக்கு 8 சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது. அணுசக்திப் பொறியியல் படித்த மூத்த மகள் வள்ளி அருணாசலம், இயக்குநர் குழுவில் ஓர் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 91 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. தான் பெண் என்பதே காரணம் என்றார் அவர். மறுதரப்பு அதை ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. அந்த வழக்கில் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது: பங்கு வேறு, பதவி வேறு.

பங்கு என்பது உரிமை. பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பாகம் உண்டு. பெண்களுக்கும் பாகம் உண்டு. சொத்து கொஞ்சமானாலும் அதிகமானாலும் அது கட்டாயப் பாகம் என்று அல்லாஹ் விதித்துவிட்டான் (4:7). பதவி அப்படியல்ல. அது அமானிதம். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ரப்புடைய கட்டளை (4:58).

இங்கேதான் சிலர் ஆட்சேபிக்கிறார்கள். "பதவி தகுதிக்கு உரியது என்றால், பெண்களுக்கென்று இடம் ஒதுக்குவது எப்படிச் சரி?" நார்வே நாடு 2003இல் சட்டம் இயற்றி, பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் பெண்களுக்கு 40 சதவீதம் என்று வைத்தது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்றது. தகுதியை விட்டு எண்ணிக்கையைப் பார்ப்பதா என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் நம் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். மகனைக் கல்லாப்பெட்டியில் உட்கார வைத்தபோது எந்த வாப்பா தகுதித் தேர்வு வைத்தார்? மகன் வந்தால் "நம்ம பிள்ளை" என்கிறோம். மகள் வந்தால்தான் "தகுதி இருக்கிறதா?" என்கிறோம். ஒருவருக்கு மட்டும் எடுக்கிற தராசு நீதியின் தராசு அல்ல.

தகுதி எது என்பதைக் குர்ஆனே காட்டுகிறது. மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் சொன்னவர் ஒரு மகள். வலிமையும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்குச் சிறந்தவர் என்ற அளவுகோலை (28:26) சொன்னவரும் அந்தப் பெண்தான். தந்தை மகளின் பேச்சைத் தள்ளிவிடவில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் வணிகம் நடத்தியவர்கள். நபி (ஸல்) அவர்களின் நாணயத்தை அறிந்து தம் சரக்கை ஒப்படைத்தவர்கள். ஆட்சித் தலைமை பற்றி ஹதீஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். அது நாட்டின் ஆட்சியைப் பற்றிய பேச்சு. வியாபாரத்தில் ஒரு பெண் கூட்டாளியாகவோ வகீலாகவோ இருக்க ஃபிக்ஹு தடை சொல்லவில்லை.

ஆகவே இட ஒதுக்கீடு என்பது தகுதியில்லாதவரை உட்கார வைக்க வந்ததல்ல. தேடாமல் விட்ட தகுதியைத் தேட வைப்பது. ஆனால் அதிலும் நாம் மோசடி செய்கிறோம். சட்டம் வந்ததும் பல நிறுவனங்கள் முதலாளியின் மனைவியையே இயக்குநராக்கின. பிறகுதான் செபி, 2019இல் முன்னணி 500 நிறுவனங்களுக்கும் 2020இல் 1000 நிறுவனங்களுக்கும், குடும்பத்தைச் சாராத சுயேச்சைப் பெண் இயக்குநர் ஒருவர் வேண்டும் என்றது. உள்ளாட்சியிலும் இதே கதை. தமிழகத்தில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016இல் சட்டமானது. நம் தென்காசி மாவட்டத்தில் 2021 அக்டோபரில் அப்படித்தான் தேர்தல் நடந்தது. ஆனால் பெயர்ப் பலகையில் மனைவி, நாற்காலியில் கணவர் என்ற காட்சியை நாட்டின் பல ஊர்களில் பார்க்கிறோம். நம் சோதனைச் சாவடியில் பில்லில் ஒரு சரக்கும் லாரிக்குள் வேறொரு சரக்கும் இருந்தால் வண்டி மலையேறுமா? மனிதர்களின் சாவடியிலேயே நிற்காத பொய், மஹ்ஷரில் நிற்குமா?

ஹுதைபிய்யாவை நினைத்துப் பாருங்கள். உடன்படிக்கையின் வேதனையில் தோழர்கள் அசையாமல் நின்றார்கள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், யாரிடமும் பேசாமல் வெளியே சென்று தாங்களே குர்பானி கொடுத்து முடி களையுங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அப்படியே செய்தார்கள், தோழர்களும் எழுந்தார்கள். அங்கே பெயருக்கு ஒரு இடம் தரப்படவில்லை. சொன்ன சொல் எடுத்துக்கொள்ளப்பட்டது.

சகோதரர்களே! நம் வீட்டு நிலை கம்பெனிகளை விட மோசம். அங்கே பதவிக்குத்தான் சண்டை. இங்கே பல சகோதரிகள் பங்கையே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். மனம் விரும்பியா? இல்லை, தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்தில். பயத்தில் போட்ட கையெழுத்து சார்பதிவாளர் முன் செல்லலாம். அல்லாஹ்வின் முன் செல்லுமா?

அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "உங்கள் பங்கைக் கேட்பது பேராசை அல்ல, அது ஹக்கு. கடையை நடத்தும் பொறுப்பைக் கேட்பதும் தவறல்ல. தம்பிகளை எந்தத் தராசில் நிறுத்தினார்களோ, அதே தராசில் உங்களையும் நிறுத்தச் சொல்லுங்கள்."

இன்று வீட்டுக்குப் போனதும் நம் கடைப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்போம். அதில் யாருடைய ஹக்கு நம் கையில் தங்கியிருக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். உரிமையை உரியவரிடமும், அமானிதத்தைத் தகுதியானவரிடமும் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.